இரவு மாதிரி

நண்பகலில் எடுத்த தண்ணீரில் ஒன்றும் இல்லை.
மூன்று வாரம், பன்னிரண்டு பாட்டில்.
ஆய்வகத் தாளில் ஒரே சொல்:
கண்டறியப்படவில்லை.

தொலைந்த கையுறை என்று பெயர் இந்த ஓடைக்கு.
யார் கையுறை, எந்தப் பனிக்காலம், எவருக்கும் நினைவில்லை.
நெப்ராஸ்கா வரைபடத்தில்
உதிர்ந்த தலைமயிர்போல் ஒரு நீலக் கோடு.
அதன் மேட்டில் டெல்மர் கிரொட்டியின் கொழுக்கவைக்கும் பட்டி.
எட்டாயிரம் மாடு.
ஒரு புல் கிடையாது.

எலிசியோ ஒருமுறை செய்து காட்டினான்.
இரும்புச் சட்டம் கழுத்தைக் கவ்வும்,
அவன் காதை மடக்கிப் பிடிப்பான்,
தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே
ஒரே அழுத்தில் வரிசையாய் உள்ளே போகும்
மஞ்சள் மாத்திரைகள், நொய்யரிசி அளவு.
"மணிக்குத் தொண்ணூறு காது" என்றான்.
"கையுறை ஒன்று போதும் என்கிறார்கள்.
வீட்டில் அவளுக்கு இது நான்காம் மாதம்.
நான் இரண்டு போடுகிறேன், ஒன்றின்மேல் ஒன்று."

காதில் வைத்தது தொடையில் கறியாகும்.
ஆகாத மிச்சம் வாலுக்குக் கீழே விழும்.
மிதிபடும், குவியும், காயும்,
ஏப்ரலில் மேடு முழுவதும் கரைந்து
பழுப்பாய் நடந்து வரும்
வேலிக்கு அடியில், யாரையும் கேட்காமல்.

ஓடையில் நான் கம்பிக்கூடை இறக்கியிருந்தேன்.
விரல் நீள மீன்கள், கூடைக்கு இருபது, எல்லாம் பெண்.
இந்த இனத்தில் ஆணுக்கு மட்டும்
கூடும் பருவத்தில் மூக்கின்மேல் வெள்ளைப் பரு முளைக்கும்.
ஏழாம் நாள் கூடையைத் தூக்கினேன்.
உருப்பெருக்கியில் பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.
ஆறு மீனுக்குப் பரு.
முட்டை எண்ணும் பலகையில்
எண்ணுவதற்கு அதிகம் இல்லை.

கடலில் கரைத்த பெருங்காயம் என்று
கையை உதறிவிடலாம்.
மீன் உதறவில்லை.

ஆய்வகத்திலிருந்து மாய் நூ வாங் கூப்பிட்டாள்,
வாயில் எதையோ மென்றுகொண்டே:
"எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?"
பன்னிரண்டு, ஒன்று.
"வெயில் அதை உடைத்துப்போடும். ஆனால் கொல்லாது.
இருட்டியதும் உடைந்தது மறுபடி கூடிக்கொள்ளும்.
ராத்திரி போய்ப் பாருங்கள்."

படிவத்தில் ராத்திரிக்குக் கட்டம் இல்லை.
எட்டிலிருந்து ஐந்துவரைதான்
அரசாங்கத்தின் தண்ணீர் ஓடும்.

இரண்டேகால் மணிக்கு முழங்கால்வரை ஓடையில் நின்றேன்.
மேலே எட்டாயிரம் மூச்சு,
அம்மோனியா கண்ணில் கடுகு தாளித்தது.
பாட்டிலைத் தலைகீழாய் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே திருப்பி,
எதிரோட்டத்துக்கு வாய் காட்டினேன்.
கரையில் ஒரு வண்டி வந்து நின்றது.
விளக்கை அணைக்கவில்லை.

டெல்மர்தான். பைஜாமாமேல் குளிர்கோட்டு.
"மீனைப் பற்றிக் கேள்விப்பட்டேன், ஆர்லிஸ்.
கடைசியில் என்னதான் அவை, ஆணா பெண்ணா?"
சிரிக்கத் தொடங்கினார்.
பாதியில் விட்டுவிட்டார்.
விளக்கை அணைக்கச் சொன்னேன், மாதிரிக்கு வெளிச்சம் ஆகாது.
அணைத்தார்.

இருட்டில் அவர் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.
கடன் வட்டி, சோள விலை, போன வருட வறட்சி.
அதன்பின் கொஞ்சம் சும்மா இருந்தார்.
"வீட்டுக் கிணற்றிலிருந்து
ஒரு பாட்டில் எடுப்பாயா?
பேர் எழுதாமல்."

அடுப்படிக் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டோம்.
குளிர்பெட்டியின் கதவில் காந்தம் பிடித்திருந்த
யாரோ ஒரு குழந்தையின் படம்:
ஐந்து கால் மாடு, பச்சைச் சூரியன்.
அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை,
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுப்புப் பாட்டில், அதன்மேல் அலுமினியத் தாள்.
பனிக்கட்டிப் பெட்டியில்
ஓடையும் கிணறும் தோளோடு தோள் இடித்தபடி
லிங்கன் நகரம்வரை தொண்ணூறு மைல்.
விடிவதற்குள் போயாக வேண்டும்.

ஒட்டுத்தாளில் இடம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.
நேரம்: 3.05.
எடுத்தவர்: என் பெயர்.