இடப்பக்கக் கதவு

உள்ளிருந்து திறக்காது என்று சொல்லித்தான் விற்றார் பொன்னப்பா.
கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு,
வெளிக் கைப்பிடியை இழுத்தால் வருமாம்.
ஹெரால்டு என்றால் அப்படித்தான், பழகிவிடும்.

ஜே.சி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
சிவாஜிநகர் குஜ்ரியில் நயாஸ்
சாக்கைக் கவிழ்த்தான்: அம்பாசிடர் கைப்பிடிகள், ஃபியட் கைப்பிடிகள்,
எந்தக் கதவுக்கும் சேராத ஒரு பித்தளைப் பல்.
"லாச்செல்லாம் சாகாது சார். ஸ்பிரிங்கைப் பாருங்க."

ஞாயிறு, ஆஸ்டின் டவுன் சந்து.
கிளிப் ஒன்று தெறித்துச் சாக்கடை மூடிக்குள் போனது.
ஸ்க்ரூக்களை வாயில் கவ்விக்கொண்டு அட்டையைப் பிரித்தேன்.
உள்ளே துரு, ஒரு பி.டி.எஸ். டிக்கெட், இரண்டு கொண்டை ஊசி.

ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது.
லாச்சும். விரலால் தள்ளினால் வெண்ணெயாக நகர்ந்தது.
கைப்பிடியிலிருந்து லாச்சுக்குப் போகும் கம்பியைத்தான்
யாரோ கழற்றி,
தாமிரக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.
அவசரமில்லாத முடிச்சு. நுனி குத்தாமல் மடக்கியிருந்தது.

குழந்தை விழுந்துவிடக் கூடாதென்று இருக்கலாம்.
ஆனால் "நாங்க ரெண்டு பேர்தானே எப்பவும்" என்றார்
ஆர்சி புத்தகம் கைமாறிய அன்று, தேச்சம்மா.
காபி கொடுத்தார். காரைப் பார்க்க வாசலுக்கு வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தேன். கம்பியைக் கொக்கியில் மாட்டி
இடப்பக்கம் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.
இழுத்தேன். டக்.
மறுபடி சாத்தினேன். டக்.
மழை பிடித்துக்கொண்டது. நனைந்த காலோடு
எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

சாயங்காலம் பொன்னப்பா போன் செய்தார்,
வண்டி எப்படி ஓடுகிறது என்று.
சட்டைப் பையில் தாமிரக் கம்பி, கனமே இல்லை.
ஸ்பிரிங் போயிருந்தது சார், என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஆமா, அந்த ஸ்பிரிங்தான்" என்றார்.