இருபத்தொன்றாம் நாள்

பார்துபிட்செ நகரத்தில் டிசம்பர் என்றால்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
இரண்டாம் மாடியில் போஹ்தனா கிரெய்ஸ்லோவா
புண்ணாற்றும் மருந்தொன்றின் குற்றப்பத்திரிகையை
எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அதன் முழுப்பெயர் ஒரு மூச்சில் அடங்காது.
நடுவில் நான்கு எண், இரண்டு கோடு.
ஆலையில் எல்லோருக்கும் அது ரோஸ் தண்ணீர்.
அறுத்த தொப்புள்கொடியில் தடவுவது,
கத்தி வைக்குமுன் வயிற்றில் பூசுவது,
சைக்கிளில் விழுந்த முழங்காலுக்கு
ஊதி ஊதி வைப்பது.

இந்த நல்லதையெல்லாம் எழுதப்
படிவத்தில் இடமில்லை.
படிவம் கேட்பது வேறு.

விழுங்கினால்?
எலிக்கு, நிறையக் கொடுத்தால். நான்காம் வகை.
தோலில்?
சிவந்தது, மூன்றாம் நாள் வெளுத்தது. வகையில்லை.
தண்ணீரில்?
இருபது நீர்த்தெள்ளு, நாற்பத்தெட்டு மணி நேரம்.
செத்ததா என்று கேட்பதில்லை,
குவளையை மெல்ல ஆட்டினால் நீந்துகிறதா
என்பதே கேள்வி.
பாதி நீந்தாமல் நின்ற அளவு எதுவோ
அதுவே எண்.
நீந்திய பாதியை அப்புறம் என்ன செய்தார்கள்
என்பதற்கும் இடமில்லை.

கண்ணில்?

இங்கேதான் இரண்டு வாரமாக நிற்கிறாள்.

சட்டம் எளிது. கலங்கிய விழி
இருபத்தொரு நாளுக்குள் தெளிந்தால் 'எச்சரிக்கை'.
தெளியாவிட்டால் 'ஆபத்து'.
கையில் இருப்பதோ, அவள் பிறக்குமுன்
யாரோ தட்டச்சிட்ட பதினொரு பக்கம்.
மூன்று முயல்.
ஒன்று ஏழாம் நாள் தெளிந்தது.
இன்னொன்று பத்தாம் நாள்.
மூன்றாவது, பதினான்காம் நாள்:
'கலங்கல். சற்றுக் குறைவு?'
கேள்விக்குறி மட்டும் பென்சிலில்.
பிறகு பக்கம் வெள்ளை.

விடுமுறை வந்ததா, பணம் தீர்ந்ததா,
முயலே தீர்ந்ததா.
அந்த வெள்ளைக்குள் ஏழு நாள் இருக்கிறது.
ஏழு நாளும் ஒரு கண்
மூடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"எச்சரிக்கை போதுமே" என்கிறார்
விற்பனைப் பிரிவின் வென்டெலின் ஹாவ்ரான்.
"ஆபத்து என்று எழுதிய புட்டியை
எந்தத் தாய் வீட்டுக்குக் கொண்டுபோவாள்?
பயந்து தடவாமல் விட்டால் கொடியில் சீழ் வைக்கும்.
அதற்கு எந்த வகை வைத்திருக்கிறாய்?"
அவர் கெட்டவர் இல்லை.
அதுதான் தொல்லை.

அவர் போனபின் கோப்பைப் புரட்டும்போது
காகிதம் விரலைக் கீறிவிட்டது.
முதலுதவிப் பெட்டியில் அதே ரோஸ் தண்ணீர்.
பஞ்சில் நனைத்து ஒற்றினாள். எரியவில்லை.
அதை அடுத்து அதே உயரத்தில், அதே வெள்ளை மூடியோடு
கண்ணுக்கான சொட்டு மருந்து.
இரண்டையும் மேசையில் வைத்தாள்.
விளக்கை அணைத்தாள்.
விரலால் தடவிப் பார்த்தாள்,
தூக்கக் கலக்கத்தில் எழுந்த ஒருத்தி
தடவுவதுபோல.

விளக்கைப் போட்டதும்
'ஆபத்து' என்று எழுதினாள்.
ஹாவ்ரானின் கேள்விக்குப் பதில் கிடைத்ததால் அல்ல.

சிவப்புச் சாய்சதுரம் இரண்டு அச்சாகி வந்தன.
ஒன்றில் துளி விழுந்து அரித்த கை.
கெடப்போவது கண்தான் என்றாலும்
படத்தில் கண் இல்லை.
மற்றதில் இலையில்லா மரம், மல்லாந்த மீன்.
கயல் என்றால் மீன், கயல் என்றால் விழி
என்று பழகிய என் மொழியில்
இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.
அவளுக்குத் தெரியாத மொழி அது.

தெருமுனையில் பண்டிகைக் கெண்டை.
நீலத் தொட்டிகளில் உயிரோடு,
ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு.
"கண்ணைப் பாருங்கம்மா, எவ்வளவு தெளிவு!"
என்கிறான் வலை வைத்திருப்பவன்.
குனிந்தாள்.
ஒன்றைத் தொட்டுக் காட்ட நீட்டிய விரலில்
இன்னும் ரோஸ் கறை.
நீருக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி
கோட்டுப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு
வாயால் சொன்னாள்:
அது இல்லை, ஓரத்தில் இருப்பது.