வெறும் லொறி

டோல்ஹர்ஸ்ட்டை எனக்கு இரண்டு உடுப்பில் தெரியும்.

முதலாவது, தொண்ணூற்றி நாலு, லூயிஷம் பொலிஸ் நிலையம்.
எங்கள் கடைக் கண்ணாடியை உடைத்த செங்கல்லை
சொப்பிங் பையில் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.
மங்கையற்கரசி என்று எழுத
அவருடைய படிவத்தில் கட்டம் போதவில்லை.
"மிசிஸ் எம்" என்று முடித்துக்கொண்டார்.
செங்கல்லுக்கு மட்டும்
ஒன்பது இலக்கத்தில் முழு நம்பர்.

பிறகு பேப்பரில்தான் பார்த்தேன்:
இன்ஸ்பெக்டர், சூப்பிரண்டு,
கொலைப் பிரிவுக்குப் பொறுப்பு,
அரண்மனை வாசலில் பதக்கத்தோடு மனைவியோடு.
படத்துக்குப் படம்
தோளில் ஏதோ ஒன்று கூடியிருக்கும்,
தலையில் மயிர் குறைந்திருக்கும்.

இரண்டாவது, டோவர்.
எல்லைப் படைக்கு அவர் தலைவர்.
மணித்தியாலத்துக்கு இருபத்தாறு பவுண்
மொழிபெயர்ப்பாளர் நான்.
"மிசிஸ் எம்!" என்றார். மறக்கவில்லை.
கல்லெறிந்தவன் அகப்பட்டானா என்று
நானும் கேட்கவில்லை.

வந்த முதல் கிழமை
லொறிக்குள் துடிக்கும் இதயத்தைக் கண்டுபிடிக்கிற மெஷினைச்
சோதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.
வழக்கமாகப் புதுப் பெடியன் ஒருவனை ஏற்றுவார்கள்.
தொப்பியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு
தானே ஏறிக் குந்தினார், டயர்களுக்கு நடுவில்.
கதவைச் சாத்தினார்கள்.

திரையில் பச்சைக் கோடு.
கடற்காகம் கத்தியது. கலேக்குப் போகிற கப்பல் ஊதியது.
கோடு அசையவேயில்லை.
வெறும் லொறி, என்றது மெஷின்.

காற்றால் வந்த பிழையாம். திருத்த நாற்பது நிமிஷம்.
அதுவரை கதவைத் திறக்க ஒருவருக்கும் உத்தரவில்லை.
உத்தரவு போடுகிறவர் உள்ளே.

இறங்கியபோது சேர்ட் நனைந்திருந்தது.
தொப்பியை வாங்கினார், போடவில்லை.
"அவர்கள் எவ்வளவு நேரம் இருப்பார்கள்?"
"போன கிழமை வந்தவன் பத்தொன்பது மணித்தியாலம்."
பொக்கற் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் இன்னும் மூன்று மெஷின் வந்தது.
காற்றுக்குப் பிழைக்காதவை.

வேறொன்றும் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.
கதவு திறந்ததும் முதலில் சொல்ல
எங்கள் பாஷையில் ஒரு வசனம் கேட்டார்.
எழுதிக் கொடுத்தேன்: தண்ணி வேணுமோ?
அவர் நாக்கில் ணகரம் ஏறவில்லை.

ஒரு வைகாசி விடியல்.
வல்வெட்டித்துறைப் பெடியன் ஒருவன்
டோர்ச் வெளிச்சத்தில் கண் கூசி நிற்க,
போத்தலை நீட்டியபடி கேட்டார்:
"தனி வேணுமோ?"

பெடியன் என்னைப் பார்த்தான்.
பிறகு அவரை.
"ஐயோ வேண்டாம், சேர்."

என்ன சொல்கிறான் என்று திரும்பினார்.
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

போத்தலை அவர் கையிலிருந்து வாங்கி
மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.