பதினேழாம் தட்டு

ஜூலை முழுக்க
ஷார்ஜாவின் ஏசிப் பெட்டிகள் சிந்தும் தண்ணீரைப் பொறுக்கினோம்.
ரோலாவின் பழைய கட்டடங்கள்,
ஜன்னலுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு குழாய்,
குழாய் முனையில் ஓயாத சொட்டு.
கீழே நான், கையுறையும் போத்தலுமாக.
ஐம்பது மில்லி நிறையப் பதினோரு நிமிடம்.
காலை ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிடும்.

கட்டடக் காவலாளி கேட்டார்,
முனிசிபாலிட்டியா என்று.
கோடைக்கால ஆய்வகப் பயிற்சி என்றேன்.
சம்பளம்?
சான்றிதழ் தருவார்கள்.
பாவப்பட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

ஆய்வகத்தில் பத்தொன்பது டிகிரி.
முதல் வாரம் வெறும் தண்ணீரைத்தான் அளந்தோம்.
பிப்பெட்டில் கட்டைவிரலுக்கு இரண்டு படி:
முதல் படிவரை அழுத்தி உறிஞ்சு,
இரண்டாம் படிவரை அழுத்தி உதறு.
எனக்கு அது மாறி மாறி வந்தது.
நூறு மைக்ரோலிட்டர் கேட்டால் நூற்றுப் பதிமூன்று.
தராசு பொய் சொல்லாது,
அதனிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

தசாபீஹ் வேதியியல். நான் உயிரியல்.
கர்த்தூமில் அவள் படித்த கல்லூரிக்கு
இப்போது கூரை இருக்கிறதா, தெரியாது.
பீக்கர் கழுவிக்கொண்டே சொன்னாள்,
நானும் துடைத்துக்கொண்டே கேட்டேன்.
போத்தலில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு.
அவள் அதில் உலோகம் தேடுவாள்,
நான் உயிர் தேடுவேன்.

தட்டில் பரப்பி, முப்பத்தேழு டிகிரியில் ஓர் இரவு.
காலையில் திறந்தால்
மஞ்சள், மோர் வெள்ளை, ஒரு துணிச்சலான இளஞ்சிவப்பு.
தட்டின் அடியில் பேனாப் புள்ளி வைத்து எண்ணுவேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்று எண்பத்தேழு.
அதற்கும் மேலே போனால்
‘எண்ண இயலாத அளவு’ என்று எழுதலாம், விதி இருக்கிறது.

பதினேழில் ஒன்றுமில்லை.
துலக்கிக் கவிழ்த்த தாம்பாளம் போலிருந்தது.

என் தப்பு என்றுதான் நினைத்தேன்,
சூடு ஆறாத கண்ணாடிக் கோலால் தேய்த்திருப்பேன்.
மறுபடி செய்தேன். ஒன்றுமில்லை.
மூன்றாம் முறை, மூச்சை அடக்கிக்கொண்டு. ஒன்றுமில்லை.
ஒன்றுமே வளரக்கூடாத, சுத்த நீர் ஊற்றிய தட்டில் மட்டும்
கொழுகொழுவென்று ஒன்று வளர்ந்திருந்தது.
என் தலைமுடியாக இருக்கும்.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.
பேனாவால். பென்சில் கூடாது.

மதியம் தசாபீஹ் தாளை நீட்டினாள்.
செம்பு.
அளவுகோட்டைத் தாண்டிப் போனதால்
பத்து மடங்கு நீர் சேர்த்து மறுபடி அளந்திருந்தாள்.
பெட்டிக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறது என்றாள்.
செம்புச் சொம்பில் ஊற்றி வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று
அம்மா அன்று காலைதான் வாட்ஸப் அனுப்பியிருந்தாள்.

ஒரே பெட்டி, மூன்று முறை,
முடிவு சொல்லப் போதாது என்றார்கள்.
சுவரொட்டியில் பதினேழு
ஒரு நட்சத்திரக் குறியாகி அடிக்குறிப்புக்கு இறங்கியது.
கைதட்டினார்கள். சமோசா இருந்தது.

அந்தச் சொட்டுக்குக் கீழே மொஃபிஜுலின் வாளி உண்டு.
சில்ஹெட்டுக்காரர், கார் கழுவுபவர்.
எட்டு வாரம், அவர் வாளிக்கு முன்னால்
என் போத்தலை நீட்டியிருக்கிறேன்.
கடைசி நாள் வெறுங்கையோடு போனேன்.

‘மேடம், என் தண்ணி பாஸா, ஃபெயிலா?’

அதில் ஒன்றும் வளரவில்லை என்றேன்,
எனக்குத் தெரிந்த இந்தியில்.
‘அப்போ சுத்தம்.’
இல்லை. அப்படியும் இல்லை.
முகம் மட்டும் கழுவாதீர்கள்.
‘கார்?’
கார் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.
‘நினைக்கிறீர்களா?’

கொஞ்ச நேரம் மேலே பார்த்தார்.
பிறகு வாளியை இரண்டடி நகர்த்தி
பக்கத்துப் பெட்டியின் கீழே வைத்தார்.
சொட்டு வாளியில் பட்டுத் தெறித்தது.

அது பதினெட்டு.
எண்ண இயலாத அளவு.