கலவை பிழைச்ச மஞ்சள்

பரந்தன் சந்தி ஹாட்வெயார்க் கடையில
கல்லாவுக்குப் பின்னால, சுவரோட ஒதுக்கி
ஒரு லீற்றர் ரின்.
மூடியில பேனையால: கலவை பிழை.
வங்கிக்காரர் பொன்நிறம் கேட்டிருக்கினம்,
மெசின் பாலைப்பழ நிறத்தைக் கக்கியிருக்கு.
கழுத்துப்பட்டி கட்டினவை
பாலைப்பழத்துக்குள்ள இருந்து கடன் குடுப்பினமோ?
மாட்டம் எண்டு போட்டினமாம்.

"அரைவிலைக்கு எடுங்கோ அக்கா" எண்டான் பொடியன்.
"அரைவாசிதானே பிழை. முழுசும் பிழையெண்டால்
சும்மா தந்திருப்பன்."
நான் இன்னும் நூற்றைம்பது குறைச்சன்.
குறைச்ச காசுக்கு மண்பேப்பர் ரெண்டு.

பிறஷ் வாங்கேல்லை.
வீட்டுத்திட்டத்துக்கு வெள்ளை அடிச்ச பிறஷ்
கல்லாய்க் கிடந்தது. ஓர் இரவு மண்ணெண்ணெயில ஊறி
பாதி மயிரோட எழும்பிச்சு.
அது காணும்.

மூண்டாந் தவணைக்கு மட்டக்களப்பால ஒரு ரீச்சர் வாறா.
முன்னறைக்கு மாசம் ஏழாயிரம்.
கட்டில் இருக்கு. காத்தாடி ஏதோ சுத்துது.
அலுமாரிதான் மானத்தை வாங்குற கோலம்.

அதை நாங்கள் கடையில எடுக்கேல்லை.
விசுவமடுவுக்குத் திரும்பி வந்த வருசம்
பழைய இரும்புக்காரற்ற லொறியில
சைக்கிள் றிம்முக்கும் நீர்ப்பம்புக்கும் நடுவில
மல்லாந்து கிடந்ததை
இவர் நிறுத்து வாங்கினவர்.
முப்பத்தெட்டுக் கிலோ.
தராசு ஏறின அலுமாரிக்குள்ள
பதினாலு வருசமாய் உடுப்பு அடுக்கிறம்.

சனிக்கிழமை முத்தத்தில சாக்கு விரிச்சுக் கிடத்தினன்.
கறளைச் சுரண்டக் கறள் வந்தது.
கறளுக்குக் கீழ பச்சை. பச்சைக்குக் கீழ சாம்பல்.
முதுகில மூண்டு ஓட்டை.
ரியூப் துண்டு வெட்டி, சொலூசன் பூசி,
சைக்கிளுக்கு ஒட்டுற மாதிரி ஒட்டினன்.

கதவின்ர உள்பக்கம் ஒரு கலண்டர் படம்.
லட்சுமி, இல்லாட்டிச் சரஸ்வதி.
கை நாலும் இருந்தது, முகம் கரைஞ்சிட்டுது.
ஈரத்துணி போட்டு உரிச்சன்.

அதுக்குக் கீழ, நீலப் பேனையால,
ஆரோ ஒரு பொம்பிளையின்ர கையெழுத்து.
சீட்டு. பன்னிரண்டு பேர். தலைக்கு இருநூற்றைம்பது.
எடுத்தவையின்ர பேருக்கு மேல
அடிமட்டம் வைச்சுக் கீறின கோடு.
ஒன்பது கோடு.
கோடில்லாமல் மூண்டு பேர்:
யோகம்மா.
கனகாம்பிகை.
மில்லடிப் பவளம்.

கடைசியாய் எடுத்தால் முழுசாய் வருமெண்டு
காத்திருந்திருப்பினம்.

சும்மா இருக்கேலாத புத்தி, கணக்குப் பாத்தன்.
ஆளுக்கு மூவாயிரம்.
அப்ப அது ஒரு பழைய தையல் மெசின்.
இப்ப ஒரு ரின் பெயின்ற்,
கலவை பிழைக்காத ரின்.

இவர் எட்டிப் பாத்தார்.
"உதுக்கு மேலயும் அடிச்சு விடன், உள்பக்கந்தானே."
நான் பறையேல்லை.

வெளியால ரெண்டு கை.
வெயிலில பாலைப்பழம் பழுத்துக்கொண்டு வந்தது.
கோழி ஒண்டு உரசிப்போட்டு ஓடி
இண்டைக்கும் ஒரு செட்டை மஞ்சளாய்த் திரியுது.

பிறகு உள்பக்கம், மேலயிருந்து கீழ.
கோடு போட்ட ஒன்பது பேரும் மஞ்சளுக்குள்ள போச்சினம்.
அவை எடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுது.
மற்ற மூண்டுக்கும் கிட்டப் போக
பிறஷ் தானாய்த் திரும்பினது எண்டு சொன்னால் பொய்.
நான்தான் திருப்பினன்.
ரின்னில இன்னும் நாலு விரற்கடை இருந்தது.

மிச்சத்தில ரோசாக்கன்று நிக்கிற பால்மா ரின்,
ஒரு கதிரை,
அப்பவும் முடியாமல் படலைக்கும் ஒரு கை.

ரீச்சர் வந்தா. சஞ்சுதா எண்டு பேர்.
சாறி அடுக்கக் கதவைத் திறந்து
"இதில மட்டும் ஏன் அக்கா விட்டிருக்கு?"

"பெயின்ற் காணேல்லை."

அவ யன்னலால படலையைப் பாத்தா.
மஞ்சள் படலை.
ஒண்டும் கேக்கேல்லை.
கொண்டுவந்த கலண்டரைச் சுருள் விரிச்சு
அலுமாரிக் கதவில ஒருக்கால் வைச்சுப் பாத்து
பிறகு என்னட்டை
சுவருக்கு ஓர் ஆணி கேட்டா.