பாதித் தலை

முதல் பூச்சிலேயே கூழ்முட்டை நாற்றம்.
"பொறுங்க டீச்சர்" என்கிறா ஜெஸீமா.
பொறுக்கிறேன். என் சுருள்களுக்குள்
கந்தகம் கந்தகத்தின் கையை விடுகிறது.

சங்கிலி அறாது.
அமினோ அமிலங்கள்
கண்ணிக்கொரு நீர் மூலக்கூறை உதறி
ஒன்றையொன்று பற்றிய சங்கிலி;
கல்முனைக் களிம்புக்கெல்லாம் அவிழாது.

கழுவி, உலர்த்தி,
இடப்பக்கம் இழுத்து முடிக்கக்
கரண்ட் போச்சு.
ஒரு காதுப்பக்கம் அக்கரைப்பற்று வீதி,
மறு காதுப்பக்கம் நவம்பர்க் கடல்.

பெரொக்சைட் போத்தலோடு நிற்கிறா.
ஊற்றினால்
கைகள் நின்ற நிலையிலேயே
மறுபடி கோத்துக்கொள்ளும்.
"கரண்ட் வரட்டுமா, டீச்சர்?"

நாளைக்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்து
என்னைப் பார்க்க வாறாங்க.
சுருட்டை ஆகாதாம்,
முன்கூட்டியே சொல்லியனுப்பியிருக்கிறாங்க.

கண்ணாடியில் இரண்டு பேர்.
"இப்பவே ஊத்துங்க" என்றேன்.