தொடர்புகளுக்கு

வியாழன் இரவு பத்துக்குள் பக்கங்கள் அச்சகம் போய்விட வேண்டும்.
எக்ளின்டன் கிழக்கில், பல் வைத்தியருக்கு மேல்மாடியில்
எங்கள் வாரப் பத்திரிகை.
பதினேழு வருடமாகப் பதினான்காம் பக்கம் என் பொறுப்பு.
வீடு விற்பவரின் சிரிப்புக்கும்
வெட்டிய ஆட்டிறைச்சி மலிவு விலைக்கும் நடுவே
இறந்தவர்களை அடுக்குகிறவன் நான்.

தொலைபேசியில் அழுதபடியே வரிகளை எண்ணுவார்கள்.
"பாசமிகு என்றதை எடுத்தால் எவ்வளவு குறையும்?"
ஒருவர் கேட்டார்.
சொல்லை எடுக்கவில்லை நான்.
காசைக் குறைத்தேன்.

எங்கள் மொழியில் ஆக நீளமான வாக்கியம்
மரண அறிவித்தல்தான்.
ஓர் ஊரில் பிறந்து
"வசிப்பிடமாகவும் கொண்ட" என்று கடல் தாண்டி,
மகளும் மனைவியும் சகோதரியும் மாமியும் பெரியம்மாவும் என்று
உம்முக்கு மேல் உம் ஏறி
மூச்சு முட்டுகிற இடத்தில்
'ஆவார்' வந்து தாங்கிக்கொள்ளும்.
காலமானார், அது முடிந்துபோனது.
ஆவார் முடிவதில்லை.
இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.
பிழை திருத்துகிறவனுக்கு இலக்கணம் பேசும் உரிமை இல்லை.

பெப்ரவரியில் அக்கா போனாள்.
"நீதானே எழுதுறனி, நீயே எழுது" என்றார்கள்.
வெற்றுத் திரையில் தொடங்கக் கை வரவில்லை.
மூன்று வருடத்துக்கு முந்திய கோப்பொன்றைத் திறந்து
வேறு பெயரில் சேமித்தேன்.
பூரணம் இருந்த இடமெல்லாம் நேசமலர் ஆனது.
அனலைதீவு போய்க் கரவெட்டி வந்தது.
குத்துவிளக்கை அப்படியே விட்டேன்,
எல்லோருக்கும் எரிகிற அதே விளக்கு.
மணி ஒன்பது ஐம்பத்தாறு.
அனுப்பினேன்.

வெள்ளி காலை பெரியண்ணர் பாரிஸிலிருந்து எடுத்தார்.
"யாரடா தயாபரன்?"
விளங்கவில்லை.
"ஐந்தாம் வரியைப் பார்."

*தயாபரனின் பாசமிகு தாயாரும்.*

அக்காவுக்குப் பிள்ளை இல்லை.
இரண்டு தரம் தங்கி, இரண்டு தரமும் நிற்கவில்லை.
அதற்குப் பிறகு அந்தப் பேச்சை
அவள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.
ஏழாயிரம் பிரதிகள் அதற்குள்
பலசரக்குக் கடை வாசல்களில்
முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன.
அத்தானுக்கு எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.
மறுமுனையில் கேத்தில் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை, பார்வைக்கு வைத்த மண்டபத்தில்
எல்லோருடைய கண்ணும் கதவிலேயே.
சனம் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது.
ஐந்து மணிபோல ஒருவர் வந்தார்.
தலையில் பனி, கையில் தொப்பி,
ஐம்பது வயதிருக்கும்.
பெட்டிக்குப் பக்கத்தில் போய் நெடுநேரம் நின்றார்.
பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல்
காலடியில் வைத்தார்.

"பிழையாகத்தான் வந்திருக்கும், தெரியும்" என்றார் என்னிடம்.
"பிரம்ரனிலிருந்து வாறன்.
அம்மாவின்ர கடைசி நாளில் நான் உள்ளுக்குள் இருந்தனான்."
எந்த உள்ளே என்று நான் கேட்கவில்லை.
"ஏற்றுக்கொள்ளவும் என்று போட்டிருந்தியள்.
அதுதான்…"

அத்தான் எழுந்து வந்தார்.
யாரென்று கேட்கவில்லை.
முன்வரிசையில் தன் மேலங்கி வைத்திருந்த கதிரையிலிருந்து
மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது முப்பத்தோராம் நாள் அறிவித்தல்.
திருத்தம் போடுவோமா என்று கேட்டேன்.
"வரிக்கு எவ்வளவு?" என்றார் அத்தான்.
சொன்னேன்.
"அது கிடக்கட்டும்.
அந்தத் தம்பிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடு.
நம்பர் இருக்கோ?"

பழைய கோப்பைத் திறந்தேன்.
விளக்குக்குக் கீழே, கடைசி வரியில்,
சின்ன எழுத்தில் நானே அடித்தது:
தொடர்புகளுக்கு, தயாபரன், மகன்.
பக்கத்தில் பத்து இலக்கங்கள்.